கீமோ தொடங்கும் முன்னே தலைமுடிக்கு என்ன ஏற்பாடு செய்யணும்? (மைனிக்காகக் கேட்கிறேன்)

குழித்துறைக்காரி கேட்டது:

மைனிக்கு (அண்ணன் மனைவி) 43 வயசு, மார்பகப் புற்றுநோய். அடுத்த வியாழக்கிழமை திருவனந்தபுரத்தில் முதல் கீமோ. சீட்டில் ஏ.சி. என்ற மருந்து நாலு தடவை, 21 நாளுக்கு ஒருமுறை. பிறகு பாக்ளிடாக்சல் என்ற மருந்து வாராவாரம் 12 தடவை என்று எழுதியிருக்கிறது. முடி கொட்டும், திரும்ப வளரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு மேல் நாங்களும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மைனி ஊசியைப் பற்றியோ வாந்தியைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை, முடியைப் பற்றித்தான் பேச்சு. இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி.

எனக்குத் தெரியவேண்டியது இவ்வளவு. எந்த நாளில் கொட்டத் தொடங்கும்? முன்னாலேயே வெட்டிவிடணுமா, கொட்டும்வரை விடலாமா? அத்தை திருச்செந்தூரில் மொட்டை போடுவதாக நேர்ந்திருக்கிறார், இப்போது போகலாமா? விக் எப்படிப் பார்த்து வாங்குவது? இரண்டாவது மாதம் ஒரு கல்யாணம் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டு பேர், 12 வயசும் 8 வயசும். அவர்களிடம் என்ன சொல்வது?

கீமோவார்டு நர்ஸ், தக்கலை:

தங்கச்சி, இன்றைக்கே கேட்டது நல்லதாகப் போயிற்று. முடி விஷயத்தில் செய்யவேண்டியதில் முக்கால்வாசி முதல் ஊசிக்கு முன்னாலும், அதற்குப் பிறகு வருகிற இரண்டு வாரத்துக்குள்ளும்தான்.

ஏ.சி. என்பது இரண்டு மருந்து. சிவப்பாக ஏறுவது டாக்ஸோரூபிசின், மற்றது சைக்ளோபாஸ்பமைட். வேகமாகப் பெருகும் செல்களை இவை தாக்கும். புற்றுநோய் செல் அப்படிப்பட்டது, முடியின் வேரிலுள்ள செல்லும் அப்படிப்பட்டதுதான். அதனால் இந்தக் கூட்டு மருந்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் முழுதாகக் கொட்டும். "பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொட்டவே இல்லையே" என்று யாராவது சொன்னால் அவருக்கு வேறு மருந்து போயிருக்கும். ஜெம்சிடபின், கேப்சிடபின் போன்றவற்றில் பெரும்பாலும் முடி மெலிவதோடு நின்றுவிடும். இன்னொன்றும் மைனியிடம் சொல்லுங்கள்: முடி கொட்டினால்தான் மருந்து வேலை செய்கிறது என்பதும், கொட்டாவிட்டால் வேலை செய்யவில்லை என்பதும் இரண்டுமே தவறு.

முதல் ஊசி போட்ட நாளிலிருந்து எண்ணினால் 14 முதல் 21 நாளுக்குள் கொட்டும். இரண்டாவது ஊசிக்குப் போகும்போது பெரும்பகுதி போயிருக்கும். அதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தலைத்தோல் தொட்டால் நோகும், இறுக்கிக் கட்டிய கொண்டையை அவிழ்த்த பிறகு வேரெல்லாம் வலிக்குமே, அதுபோல. தலையணையில் தலை வைத்தால்கூடத் தெரியும். அதுதான் அடையாளம்.

நீள முடியை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று பலர் முன்கூட்டிச் சொல்வதில்லை. கொட்டுகிற முடி கீழே விழாது. இன்னும் கொட்டாத முடியோடு சுற்றிக்கொள்ளும். அந்த நிலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் பின்மண்டையில் கம்பளி மாதிரி திரண்டு சடை பிடித்துவிடும். சீப்பு இறங்காது, இழுத்தால் நோவு தாங்காது. அப்படி ஆகிவிட்டால் இழுக்காதீர்கள், எண்ணெய் விட்டு ஊறவும் வைக்காதீர்கள். முனை மழுங்கிய கத்தரிக்கோலால் வெளியிலிருந்து உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுங்கள். இந்தத் தொல்லையே வராமலிருக்க, ஊசிக்கு முன்போ, ஊசி போட்டுப் பத்து நாளுக்குள்ளோ ஒன்றிரண்டு அங்குலத்துக்கு வெட்டிவிடுவது நல்லது. நோவு தொடங்கியதும் டிரிம்மரால் ஒட்ட எடுத்துவிடலாம்.

சவரக்கத்தி கூடவே கூடாது. ஊசிக்குப் பிறகு ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள், கிருமியை எதிர்க்கும் ரத்த வெள்ளணுவின் எண்ணிக்கை (கவுண்ட்) மிகக் கீழே இறங்கும். ஒரு சின்னக் கீறல் போதும், கிருமி உள்ளே போக. திருச்செந்தூர் நேர்ச்சைக்கும் இதுதான் பதில். கத்தி, நெரிசல், கடல் குளிப்பு, நாழிக்கிணற்று நீர் எல்லாம் கவுண்ட் இறங்கும் நாளில் ஆபத்து. ஊசிக்கு ஒரு வாரம்கூட இல்லாத இந்த நேரத்திலும் மொட்டைக் காயத்தோடு ஊசிக்குப் போகவேண்டாம். அத்தையின் மனசு நோகாமல் சொல்ல வழி இருக்கிறது. பெண்கள் பூமுடி கொடுக்கும் வழக்கம் உண்டல்லவா, வீட்டில் வெட்டும்போது ஒரு சிறு கற்றையை மஞ்சள் துணியில் முடிந்து வைத்துவிடுங்கள். சிகிச்சை முடிந்து டாக்டர் சம்மதித்ததும் நேரில் போய்ச் செலுத்தலாம்.

தலையைக் கழுவ வாரம் இரண்டு முறை, இளஞ்சூட்டுத் தண்ணீர், குழந்தைகளுக்கான ஷாம்பூ. சீயக்காய்த்தூள், அரப்பு இரண்டையும் நிறுத்துங்கள், அதிலுள்ள பொடி தோலைக் கீறும். செம்பருத்தித் தாளியும் வேண்டாம், இடிக்கிற கல்லும் பறிக்கிற இலையும் எவ்வளவு சுத்தம் என்று சொல்ல முடியாது. துவர்த்தால் (துண்டால்) தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். முடி போன பிறகு தோல் காய்ந்து அரித்தால் தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு, அவ்வளவுதான். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் வழிய வழிய எண்ணெய் தேய்த்தால் வேர்க்காலில் சீழ்க்கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் கிள்ளாமல் காட்டுங்கள். கொப்புளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், காய்ச்சல் 100.4 தொட்டால் ராத்திரி என்று பார்க்கவேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

முடிவேலை, வடசேரி:

நர்ஸ் அக்கா சொன்னதோட இதையும் சேர்த்துக்கிடுங்க. மைனி முடியை வெட்டுறதுன்னா கொட்டத் தொடங்குறதுக்கு முன்னால வெட்டுங்க. அந்த முடிக்கு உபயோகம் இருக்கு.

ஒரு முடியை எடுத்து நுனியிலிருந்து வேர்ப்பக்கமா விரலால உருவிப் பாருங்க, சொரசொரன்னு இருக்கும். வேரிலிருந்து நுனிக்கு உருவினா வழுக்கும். மீன் செதிள் மாதிரி ஒரே திசையில அடுக்கியிருக்குறதுதான் காரணம். எல்லா முடியும் ஒரே திசையில இருந்தாத்தான் தைச்ச பிறகு சிக்கு விழாது. கொட்டுன முடியைச் சேத்து வச்சுக் கொண்டு வந்தா திசை கலந்துபோயிருக்கும், அதுல ஒண்ணும் செய்ய முடியாது. அதனால முதல் நாள் தலை கழுவி, நல்லா காயவச்சு, எண்ணெய் தொடாம, நாலஞ்சு பின்னலாப் பின்னுங்க. ஒவ்வொரு பின்னலுக்கும் மேலேயும் கீழேயும் ரப்பர்பேண்டு. வேர்ப்பக்கத்துல ஒரு சிவப்பு நூல் கட்டுங்க, பிறகு எது மேல் எது கீழ்னு குழம்பாது. ஈரத்தோட வெட்டி பிளாஸ்டிக் கவர்ல போட்டா ரெண்டு நாள்ல பூசணம் பிடிச்சு வாடை வந்துரும். காகிதக் கவர்தான் நல்லது.

ஒரு ஆள் முடியில முழு விக் வராது, பல பேர் முடி வேணும். ஆனா முன்நெற்றிக்கும் காதோரத்துக்கும் பின்கழுத்துக்கும் மட்டும் பட்டையாத் தைச்சு ஒரு பருத்தித் தொப்பியோட விளிம்புல பிடிச்சிரலாம். அதுக்கு மேல துணி கட்டினா உள்ளே முழு முடி இருக்குற மாதிரி இருக்கும். சொந்த முடி, சொந்த நிறம், மண்டை உச்சி காத்தாட இருக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு முழு விக்கைவிட இது எவ்வளவோ மேல். மைனிக்கு அது வேண்டாம்னா தானமாக் கொடுக்கலாம். திருச்சூர் அமலா மருத்துவமனை தானமா வர்ற முடியில விக் செஞ்சு நோயாளிகளுக்கு இலவசமாக் கொடுக்குறாங்க. அனுப்புறதுக்கு முன்ன நீளக் கணக்கும், எப்படி அனுப்பணும்ங்குறதும் போன்ல கேட்டுக்கிடுங்க. மைனிக்கு விக் வேணும்னாலும் அங்க கேட்டுப் பாக்கலாம்.

முழு விக் வாங்குறதா இருந்தா மூணு அளவு எடுங்க. முன்நெற்றி முடி வரியிலிருந்து காதுக்கு மேல சுத்திப் பின்கழுத்து வழியா ஒரு வட்டம், பெரும்பாலான பெண்களுக்கு 21லிருந்து 22½ அங்குலத்துக்குள்ள வரும். நெற்றியிலிருந்து உச்சி வழியாப் பின்கழுத்து வரை ஒண்ணு. காதுக்குக் காது உச்சி வழியா ஒண்ணு. நீள முடி இருக்கும்போது எடுத்த அளவு, மொட்டையான பிறகு பெருசாயிரும். ஆகவே குட்டையா வெட்டின பிறகு அளவெடுங்க, பின்பக்கம் இழுத்து மாட்டுற பட்டை இருக்கான்னும் பாருங்க. நிறத்துக்கு ஒரு கற்றை முடி கையில கொண்டுபோங்க. கடை லைட்டுல பாக்காதீங்க, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்துல பாருங்க.

செயற்கை முடி விக் விலை குறைவு, எடை குறைவு, கழுவினாலும் வடிவம் கலையாது. ஒரே எதிரி சூடு. குக்கர் விசில் ஆவி, தோசைக்கல், எண்ணெய்ச்சட்டி இதுகிட்ட குனிஞ்சா முன்முடி பொசுங்கிச் சுருண்டுபோகும், திரும்ப நேராகாது. அடுப்படிக்குப் போகும்போது கழற்றி வைக்கணும். மனித முடி விக் விலை பல மடங்கு, கனம், ஒவ்வொரு தடவை கழுவினதும் சீவி வடிவம் கொண்டுவரணும். ஆறேழு மாசத் தேவைக்குச் செயற்கையே போதும்ங்குறது என் எண்ணம். உள்பக்கம் வரிவரியா, இடைவெளி விட்டுத் தைச்சதா எடுங்க, காத்து போகும். பசை, டேப் ரெண்டும் வேண்டாம், நொந்த தோல் உரிஞ்சுபோகும். அடியில மெல்லிசாப் பருத்தித் தொப்பி போட்டா வழுக்காது.

போடும்போது எல்லாரும் செய்யுற தப்பு, பயத்துல புருவம் வரை இழுத்துவிடுறது. புருவத்துக்கு மேல நாலு விரல் இடம் விட்டு வைங்க. ரெண்டு காதுப்பக்கமும் தொங்குற சின்னத் துண்டு சமமா இருந்தா விக் நேரா இருக்குன்னு அர்த்தம்.

கழுவறதுக்கு அரை வாளி பச்சைத் தண்ணி, ஒரு ஸ்பூன் ஷாம்பூ, அஞ்சு நிமிஷம் முக்கி வைங்க. கசக்காதீங்க, பிழியாதீங்க. அலசி, துவர்த்துல சுத்தி அமுக்கி, நிழல்ல உள்பக்கமும் காத்துப்படுற மாதிரி காயவிடணும். ஈரமா இருக்கும்போது சீப்பு வைக்கக்கூடாது. தினமும் போட்டா இங்க வியர்வைக்கு வாரம் ஒருதரம் கழுவணும். மழைக்காலத்துல காய ரெண்டு நாள் ஆகும், அரைகுறையாக் காஞ்சதை மாட்டாதீங்க.

கல்யாணத்துக்குப் பிச்சிப்பூ வைக்க ஆசைப்பட்டா, கொண்டை ஊசியை விக்கோட பட்டையில குத்துங்க, தோல்ல படவேண்டாம். தண்ணி தெளிச்ச சரத்தை உதறிட்டு வைங்க.

குழித்துறைக்காரி:

முடிவேலை அண்ணாச்சிக்கும் நர்ஸ் அக்காவுக்கும் ரொம்ப நன்றி. மைனி பக்கத்தில் இருந்து வாசிக்கிறாள். ஊசி ஏறும்போது தலையில் ஐஸ் பாக்கெட் வைத்தால் கொட்டாது என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம். பயோட்டின் மாத்திரையும் ஒருத்தர் வாங்கித் தந்திருக்கிறார். சரியா?

கீமோவார்டு நர்ஸ், தக்கலை:

குளிர்த்தொப்பி என்று உண்மையிலேயே ஒரு முறை உண்டு. தலைத்தோல் குளிர்ந்தால் அங்கே ரத்தக்குழாய் சுருங்கும், வேருக்குப் போகிற மருந்து குறையும். ஊசிக்கு அரைமணி நேரம் முன்பே தொடங்கி, மருந்து ஏறும் நேரம் முழுக்க, முடிந்த பிறகும் ஒன்றரை மணி நேரம் வரை ஒரே அளவுக் குளிரில் வைத்திருக்க இயந்திரம் வேண்டும். பாக்ளிடாக்சல் வகையில் பலன் கூடுதல், ஏ.சி.யில் குறைவு. ரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்குக் கூடாது. எல்லா இடத்திலும் இருக்காது, உங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறதா என்று வியாழனுக்கு முன் கேளுங்கள். வீட்டு ஐஸ் பாக்கெட் ஒரு இடத்தில் தோலைச் சுட்டுவிடும், மறு இடத்தில் குளிரவே குளிராது. மைனி, அது வேண்டாம்.

பயோட்டினும் வேண்டாம். இந்தக் கொட்டலை அது தடுக்காது. கூடிய அளவில் சாப்பிட்டால் தைராய்டு, இதயம் சம்பந்தமான சில ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தவறாகக் காட்டவும் செய்யும். வீட்டில் யார் எந்த மாத்திரை, லேகியம், எண்ணெய் கொண்டுவந்தாலும் உறையோடு டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான்.

ஊசியும் நூலும், இரணியல்:

விக் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும். மீதி நாளெல்லாம் துணிதான்மா. பட்டும் பாலியெஸ்டரும் மொட்டைத் தலையில நிக்காது, வழுக்கும். பருத்திதான் பிடிக்கும். மல்மல், பழைய வேட்டி, நல்லாத் துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு ஆன கைத்தறிச் சேலை எல்லாம் சரி. புதுக் கைத்தறியா இருந்தா அதுல கஞ்சி இருக்கும், மூணு தடவை வெறும் தண்ணில அலசுங்க, இல்லைன்னா தலை அரிச்சுத் தள்ளும்.

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரமா வெட்டி ஓரம் மடிச்சுத் தைங்க. முக்கோணமா மடிச்சு, நீளப்பக்கத்தைப் புருவத்துக்கு ரெண்டு விரல் மேல வச்சு, ரெண்டு நுனியையும் பின்கழுத்துல கொண்டுபோய், தொங்குற முக்கோணத்துக்கு மேல முடிச்சுப் போடுங்க. மீதி நுனியை முடிச்சுக்குள்ள செருகிருங்க. தலை சப்பையாத் தெரியுறதுதான் நிறையப்பேருக்கு வருத்தம். அதுக்குக் கைக்குட்டை ஒண்ணை முறுக்கி வளையமாக்கி உச்சியில வச்சு அதுக்கு மேல கட்டுங்க, உள்ளே கொண்டை இருக்குற மாதிரி எடுப்பா இருக்கும். ஆரல்வாய்மொழிப் பக்கம் பஸ்ல போனா ஜன்னலோரம் உக்காரவேண்டாம், அந்தக் காத்துக்கு முடிச்சே அவிழ்ந்துரும்.

ராத்திரிக்குப் பனியன் துணில ஒரு தொப்பி. துணி இழுபடும், அதனால தலையோட சுற்றளவு 56 சென்டிமீட்டர்னா 52க்கு வெட்டினாப் போதும். தையல் வெளிப்பக்கம் வரணும், உள்ளே வந்தா நொந்த தோல்ல உரசும். கொட்டுற வாரத்துல அந்தத் தொப்பியோட படுத்தா முடி தலையணை பூரா சிதறாம அதுக்குள்ளேயே இருக்கும், காலைல வெளியே போய் உதறிரலாம். முகத்துலயும் வாயிலயும் முடி ஒட்டுறதுதான் மனுசனை ரொம்பக் கஷ்டப்படுத்துறது. மூணு தொப்பி தைங்க.

ஸ்கூட்டர்ல போனா விக் மேல ஹெல்மெட் மாட்டாதீங்க. தொப்பி போட்டு ஹெல்மெட், விக் பையில. வெறுந்தலையோட வெயில்ல நிக்கவும் வேண்டாம், இத்தனை வருஷம் வெயில் படாத தோல் அது.

மனநல ஆலோசகர், நாகர்கோவில்:

பிள்ளைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். கொட்டுவதற்கு முன் சொல்லுங்கள், அதுவும் மைனியின் வாயாலேயே. எட்டு வயதுக்கு இரண்டு மூன்று வாக்கியம் போதும்: "அம்மாவுக்குப் போடுற மருந்து பலமான மருந்து. அது முடியையும் கொட்டவைக்கும். மருந்து முடிஞ்சதும் முளைக்கும்." அந்தச் சின்னதின் மனசில் கேட்காமல் கிடக்கும் கேள்விகள் இரண்டு. என்னால்தான் வந்ததா, எனக்கும் ஒட்டுமா? கேட்கும்வரை காத்திராமல் இரண்டுக்கும் "இல்லை" என்று சொல்லிவிடுங்கள். பன்னிரண்டு வயதுக்காரருக்குக் கூச்சம் வேறு மாதிரி இருக்கும். அம்மா பள்ளிக்கூடத்துக்கு வரும்போது விக் போடணுமா, துணி போதுமா என்று அந்தப் பிள்ளையிடமே கேட்கலாம். முடி வெட்டும் நாளில் பிள்ளைகள் கூட இருக்க விரும்பினால் இருக்கட்டும், கட்டாயப்படுத்த வேண்டாம்.

வெட்டுவது யார், எங்கே, கண்ணாடி முன்னாலா இல்லையா என்பதை மைனிதான் முடிவு செய்யவேண்டும். நோய் வந்த பிறகு அவர் கையில் முடிவு எதுவுமே இல்லை. தேதி, மருந்து, பத்தியம் எல்லாம் மற்றவர்கள் சொல்வது. இது ஒன்றாவது அவருடையதாக இருக்கட்டும். நீங்கள் நல்ல எண்ணத்தில் கூப்பிட்டு வரும் பார்லர் பெண்ணைவிட, அவர் தேர்ந்தெடுக்கும் கைதான் சரி.

பார்க்க வருகிறவர்கள் பேசுவதுதான் பெரிய புண். "ஐயோ, எவ்வளவு முடி இருந்தது" என்று வாசலிலேயே அழுகிறவர்களை வீட்டு ஆள் ஒருவர் முன்னாலேயே போனில் பிடித்து, "தலையைப் பத்திப் பேசாம வாங்க" என்று சொல்லிவிடலாம். அது மரியாதைக்குறைவு ஆகாது. நீங்களும் "முடிதானே, உயிரா பெரிசு" என்று சொல்லாதீர்கள். அவருக்கு உயிர் பெரிது என்று தெரியும். முடிக்கு அழ இடம் கிடைக்காமல்தான் மூன்று வேளையும் அதையே பேசுகிறார். அண்ணன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டுக்குள் துணி இல்லாமல் இருக்கலாம் என்பதைச் சொல்லால் அல்ல, பார்வையைத் திருப்பாமல் இருந்து காட்டுவது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, யாரையும் பார்க்க மறுத்தாலோ, "முடிக்காக அடுத்த ஊசி வேண்டாம்" என்று சொன்னாலோ காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் மருத்துவ சமூகப் பணியாளரைக் கேளுங்கள், பெரிய மையங்களில் இருப்பார்கள். போனில் பேச 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 முதல் நடக்கிறது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

ஊசிக்கு ரயிலில் போவதானால் ஆஸ்பத்திரியில் சலுகைப் படிவம் வாங்கிவிடுங்கள். இரண்டாம் வகுப்பில் நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் 75 சதவீதம் கழிவு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்குக் கட்டணமே கிடையாது.

கீமோவார்டு நர்ஸ், தக்கலை:

விட்டுப்போனதைச் சொல்லிவிடுகிறேன். புருவமும் இமைமுடியும் தலைமுடியோடு போகாது. பெரும்பாலும் பாக்ளிடாக்சல் ஓடும்போதுதான் மெலியும். தலை பழகிவிட்ட பிறகு இது வருவதால் திரும்பவும் மனசு உடையும், முன்னாலேயே சொல்லிவையுங்கள். இப்போதே முகத்தை நேராக, வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால், பிறகு புருவம் பென்சிலால் வரையும்போது அதைப் பார்த்து வரையலாம். ஒரே கோடாக இழுக்காமல் சின்னச் சின்னக் கீற்றாகப் போட்டால் முடி மாதிரி தெரியும். மூக்குமுடியும் போவதால் மூக்கு ஒழுகும், ஜலதோஷம் என்று பயப்படவேண்டாம். இமைமுடி இல்லாதபோது தூசி நேரே கண்ணில் விழும், வெளியே போகக் கண்ணாடி வேண்டும். பழைய கண்மை டப்பாவைத் தூக்கி எறியுங்கள். ஸ்டிக்கர் பொட்டின் பசை அரித்தால் சில மாதம் பென்சில் பொட்டு.

கடைசி ஊசிக்குப் பிறகு மூன்று நாலு வாரத்தில் பூனைமுடி எட்டிப்பார்க்கும். சிலருக்குப் பாக்ளிடாக்சல் ஓடும்போதே வரும். அதன் பிறகு மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர். ஆறு மாதத்தில் இரண்டு அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சுருட்டையாகவோ நரைத்தோ வரலாம், பலருக்கு நாளடைவில் பழையபடி ஆகும். ஆறு மாதம் டை வேண்டாம், "கறுப்பு மருதாணி" என்று விற்பதும் டைதான். ஆறு மாதம் கழிந்தும் திட்டுத்திட்டாக வெறுமையாக இருந்தால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். பிறகு ஹார்மோன் மாத்திரை எழுதினால் அதிலும் கொஞ்சம் மெலியும், அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக்கூடாது.

குழித்துறைக்காரி:

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெட்டுகிறோம். வெட்டுவது பெரிய மகள்தான் என்று மைனி சொல்லிவிட்டாள். சிவப்பு நூல் எடுத்து வைத்தாயிற்று. ஒரு கற்றை அத்தைக்கு.

முடிவேலை, வடசேரி:

பிள்ளைகிட்ட சொல்லுங்க, மேல் ரப்பர்பேண்டுக்கு மேலே அரை விரல் விட்டு வெட்டணும். கீழே வெட்டினா பின்னல் அவிழ்ந்து திசை கலந்துரும். கத்தரி புதுசா, நல்ல கூரா இருக்கட்டும், ஒவ்வொரு பின்னலா, அவசரமில்லாம.